பட்டியல்ல நம்ம பேரு இருக்கா?

முன்குறிப்பு: கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுட்டு வந்து உட்காருங்க. ரத்தம், ஊசி எல்லாம் வரும், ஆனா பயப்பட ஒண்ணுமில்லை. நான் டாக்டர் இல்லை. மதுரையில பி.எஸ்சி முடிச்சுட்டு மாண்ட்ரியலுக்கு பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்க வந்தவன். மரபணு எழுத்துகளைக் கம்ப்யூட்டர்ல அடுக்கி வச்சு ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் தினசரிப் பொழப்பு. அதனால இது வைத்தியக் குறிப்பு இல்லை, சரித்திரக் கதைன்னு எடுத்துக்கோங்க.

*

மாண்ட்ரியலுக்கு ஊர்ல இருந்து யார் வந்தாலும் முதல்ல கூட்டிட்டுப் போற இடம் மவுண்ட் ராயல். நம்ம ஊர்க் கணக்குக்கு அது மலையே இல்லை, ஒரு குன்று. அதோட சரிவுல, பைன் அவென்யூ ஓரமா, கோபுரமெல்லாம் வச்சு ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி ஒரு பழைய கல் கட்டடம் நிக்கும். 1893-ல திறந்த ராயல் விக்டோரியா மருத்துவமனை. 2015-ல ஆஸ்பத்திரி வேற வளாகத்துக்குப் போயிடுச்சு. கட்டடம் மட்டும் அங்கேயே இருக்கு.

1958 மே மாசம் இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு பெரிய காரியம் நடந்தது. டீன் ஏஜ் வயசுல இரண்டு இரட்டைச் சகோதரிகள். ஒருத்திக்குச் சிறுநீரகம் பழுது. இன்னொருத்தியோட சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்து இவளுக்கு வச்சாங்க. கனடாவில் மட்டும் இல்லை, காமன்வெல்த் நாடுகள் அத்தனையிலும் இதுதான் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை. அந்தக் குழுவில் முக்கியமானவர் ஜான் டோசெட்டர் என்கிற டாக்டர். இவர் பிறந்தது எங்க தெரியுமா? நம்ம பெங்களூர்ல, 1925-ல!

இங்கே கவனிக்க வேண்டிய வார்த்தை 'இரட்டையர்'. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1954 டிசம்பர்ல, பாஸ்டன்ல ஜோசஃப் முர்ரே செய்த முதல் வெற்றிகரமான மாற்று சிகிச்சையும் இரட்டையருக்குத்தான். ஒரே கருவில் இருந்து பிரிஞ்ச இரட்டையர்னா உடம்புக்கு உடம்பு வித்தியாசமே தெரியாது. அவளோட சிறுநீரகத்தை இவ உடம்பு தன்னோடதுன்னே நினைச்சுக்கும். மத்தவங்களுக்கு வச்சா? உடம்பு 'யார்றா நீ?'ன்னு கேட்டு அடிச்சுத் துரத்திடும். இது நோய் எதிர்ப்புச் சக்தி பண்ற வேலைதான்னு இங்கிலாந்துல பீட்டர் மெடாவர் 1940-கள்லயே தோல் ஒட்டுச் சோதனைகள் மூலமா காட்டியிருந்தார். ஆனா மனுஷ உடம்பு எதைப் பார்த்து 'இவன் நம்மாளு, இவன் வேத்தாளு'ன்னு பிரிக்குது? அது புரியாமலே கத்தியை எடுத்த காலம் அது. அதனால்தான் இரட்டையரைத் தேடினாங்க.

உலகத்துல எத்தனை நோயாளிக்கு அச்சு அசலா ஒரு இரட்டைப் பிறவி இருக்கும், சொல்லுங்க?

*

இப்ப ஒரு சுவாரசியம். மாண்ட்ரியல்ல அந்தச் சிகிச்சை நடந்த அதே 1958-ல், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாரிஸ்ல, ஜான் தோசே (ஃபிரெஞ்சுக்காரர், 'ழான்' என்றும் சொல்லலாம்) ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போர்ல துனிசியா பக்கம் காயம்பட்டவங்களுக்கு ரத்தம் ஏத்தின டாக்டர். போர் முடிஞ்சு பாரிஸ் திரும்பியும் ரத்தத்தை விடலை. நிறைய தடவை ரத்தம் ஏத்திக்கிட்ட நோயாளிகளின் சீரத்தை எடுத்து, மத்தவங்க வெள்ளை அணுக்களோட கலந்து பார்த்தார். சிலரோட அணுக்கள் மட்டும் திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா ஒட்டிக்குது. சிலரோடது சும்மா இருக்கு. அப்படின்னா வெள்ளை அணுக்களிலும் ஆளுக்கு ஆள் ஒரு அடையாளம் இருக்கு! அவர் கண்டுபிடிச்ச முதல் அடையாளத்துக்கு 'மாக்'னு பேர் வச்சார். ஆராய்ச்சிக்கு உதவின மூணு பேரோட பெயரில் இருந்து எடுத்த எழுத்துகள். இன்னிக்கு அதோட பேரு எச்.எல்.ஏ-ஏ2. 1980-ல் இவருக்கு நோபல் பரிசு.

அதே 1958-ல் இன்னும் இரண்டு பேர், தனித்தனியா, வேற வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க. ஹாலந்து நாட்டு லைடன்ல யான் வான் ரூட். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட்ல ரோஸ் பெய்ன் என்கிற அம்மையார். இவங்க பார்த்தது கர்ப்பிணிகளின் ரத்தத்தை. குழந்தைக்கு அப்பாகிட்ட இருந்து பாதி வருது இல்லையா? அந்தப் பாதி அம்மாவோட உடம்புக்கு வேத்தாளு. அதனால பிள்ளை பெத்த பெண்களின் ரத்தத்தில், கணவனோட வெள்ளை அணு அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கு. அஞ்சாறு பிள்ளை பெத்த அம்மாக்களின் சீரம் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பொக்கிஷமா ஆச்சு. சும்மா சொல்லக்கூடாது, இந்தத் துறையோட அஸ்திவாரமே தாய்மார்களின் ரத்தத்துல கட்டினதுதான். நோபல் கமிட்டி வான் ரூட்டையும் ரோஸ் பெய்னையும் ஏன் விட்டுச்சுங்கிறது தனி விவாதம்.

இந்த அடையாளங்களுக்கு மொத்தமா எச்.எல்.ஏ-ன்னு பேர். ஆறாவது குரோமோசோம்ல பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி குடியிருக்கிற சில ஜீன்கள். முக்கியமானவங்க ஏ, பி, சி, டிஆர்பி1. அப்பாகிட்ட இருந்து ஒரு செட், அம்மாகிட்ட இருந்து ஒரு செட். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கிறதால செட்டு பெரும்பாலும் பிரியாம முழுசா வரும். கூடப் பிறந்தவங்க இரண்டு பேருக்கும் அதே இரண்டு செட் வர்றதுக்கு வாய்ப்பு நாலுல ஒண்ணு. பெத்தவங்களோட பொருத்தம் பெரும்பாலும் பாதிதான்.

இதெல்லாம் எதுக்கு உடம்புல இருக்கு? டாக்டர்களைத் தொந்தரவு பண்ணவா? 1987-ல் இந்தப் புரதத்தோட வடிவத்தைப் படம் பிடிச்சப்பதான் நல்லா விளங்குச்சு. மேல ஒரு நீளப் பள்ளம். செல்லுக்குள்ள இருக்கிற புரதத் துண்டுகளை அந்தப் பள்ளத்துல வச்சு வெளியே நீட்டிக் காட்டும். ரோந்து வர்ற டி செல்கள் எட்டிப் பார்க்கும். உள்ள வைரஸ் புகுந்திருந்தா அதோட துண்டு தட்டுல மாட்டும், செல்லோட கதை முடிஞ்சுது. பள்ளத்தோட வடிவம் ஆளுக்கு ஆள் வித்தியாசப்பட்டா, ஒரே கிருமி ஊரையே காலி பண்ண முடியாது. அதனாலதான் மனுஷ மரபணுத் தொகுதியிலேயே அதிக வேறுபாடு இருக்கிற இடம் இதுவா ஆகிப் போச்சு. கொள்ளை நோய்ல இருந்து நம்ம இனத்தைக் காப்பாத்துற அதே வேறுபாடுதான், உறுப்பு மாத்தும்போது எமனா வந்து நிக்குது.

*

சரி, அடையாளம் இருக்குன்னு தெரிஞ்சாச்சு. எத்தனை? 1960-களின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஆராய்ச்சிக்கூடமும் தன் கையில் இருந்த சீரத்தை வச்சு, தன் இஷ்டத்துக்குப் பேர் வச்சுது. ஒருத்தர் 'மாக்' என்பதை இன்னொருத்தர் வேற நம்பர்ல கூப்பிடுவார். 1964-ல் அமெரிக்காவில் டர்ஹாம் நகரத்தில் பெர்னார்ட் ஏமோஸ் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கூட்டினார். ஒரே மாதிரி ரத்தத்தை எல்லார் கையிலயும் கொடுத்து, 'உங்க முறையில செஞ்சு காட்டுங்க'ன்னார். முடிவு? ஆளுக்கொரு பதில். கல்யாண வீட்டுல பத்துப் பேர் மொய்க் கணக்கு எழுதின மாதிரி.

ஆனா அந்த அசிங்கமான ஆரம்பம்தான் நல்லதா போச்சு. அடுத்த வருஷம் லைடன், 1967-ல் டூரின், 1970-ல் லாஸ் ஏஞ்சலஸ், 1972-ல் ஏவியான்னு வரிசையா கூடினாங்க. சீரத்தைப் பரிமாறிக்கிட்டாங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல பால் தெராசாகி 1964-ல் கொண்டு வந்த சின்னத் தட்டு முறை எல்லாருக்கும் பொதுவாச்சு. குழி குழியா இருக்கிற பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஊசி முனை அளவு சீரம், கொஞ்சம் வெள்ளை அணு, அப்புறம் சாயம். சீரம் அடையாளத்தைக் கண்டுபிடிச்சா அணு செத்து சாயம் ஏறும். அவ்வளவுதான். இந்தத் தெராசாகி ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்ல 'எதிரி இனம்'னு சொல்லி குடும்பத்தோட முகாம்ல அடைக்கப்பட்ட பையன். 'யார் நம்மவர், யார் அந்நியர்' என்கிற கேள்வியை அமெரிக்க அரசாங்கமும் அவர்கிட்ட கேட்டுச்சு, அவரும் அணுக்கள்கிட்ட கேட்டார். வேற என்ன சொல்ல!

1968-ல் உலக சுகாதார நிறுவனத்தின் கீழே ஒரு பெயர் சூட்டும் குழு வந்தது. இனிமேல் இவங்க ஒத்துக்கிட்டாத்தான் பேர். இன்னும் நிச்சயமாகாத அடையாளங்களுக்கு, பட்டறையில் இருக்குன்னு அர்த்தத்தில் 'டபிள்யூ' எழுத்தைச் சேர்த்தாங்க. நம்ம ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி. கன்ஃபார்ம் ஆனா டபிள்யூ போயிடும்.

*

இப்பதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

அந்தச் சீரமெல்லாம் யாரோட ரத்தம்? பாரிஸ், லைடன், ஸ்டான்ஃபோர்ட் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவங்களோடது. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்கள், அவங்களோட ஐரோப்பிய வம்சாவளிக் கணவர்கள். அப்ப அந்த எதிர்ப்பொருள் எதைக் கண்டுபிடிக்கும்? அந்தக் கணவர்கள்கிட்ட இருக்கிற அடையாளத்தைத்தான். அதே தட்டை எடுத்துட்டு ஆப்பிரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போனா, நிறைய ரத்தத்துல எந்தக் குழியிலும் சாயம் ஏறாது. ரிப்போர்ட்ல 'பிளாங்க்'னு எழுதுவாங்க. வெத்துக் கட்டம். அங்க ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம் இல்லை. கண்டுபிடிக்கிற சீரம் நம்ம கையில இல்லைன்னு அர்த்தம்.

இதைப் புரிஞ்சுக்கிட்டவங்க இருந்தாங்க. ஏவியான்ல 1972-ல் நடந்த பட்டறையோட குறிக்கோளே உலகத்தோட பல பாகத்து மக்களை ஆராயறதுதான். நம்ம பெங்களூர்க்காரர் டோசெட்டர் அதுக்குள்ள மாண்ட்ரியலை விட்டு எட்மண்டனுக்குப் போயிட்டார். அவரும் குழுவும் 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் வடகோடியில் வாழற இனுயிட் மக்களின் எச்.எல்.ஏ வகைகளை ஆராய்ஞ்சாங்க.

நம்ம பக்கம்? இங்கதான் எனக்கு ஊர்ப் பெருமை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம்! பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பனும் சக ஆராய்ச்சியாளர்களும் தமிழ்நாட்டோட முக்கியச் சமூகங்களின் எச்.எல்.ஏ அடையாளங்களைப் பத்தி 1984-ல் 'டிஷ்யூ ஆன்டிஜென்ஸ்' என்கிற சர்வதேச இதழ்ல கட்டுரை வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் அதே பல்கலைக்கழகத்தில் இருந்து, எச்.எல்.ஏ-வில் டிஆர்2 என்கிற வகைக்கும் காசநோய்க்கும் இருக்கிற தொடர்பைப் பத்தி எல்லாம் ஆராய்ச்சி வந்தது. நாகமலைப் புதுக்கோட்டை வழியா பஸ்ல போறப்ப எத்தனை தடவை அந்தப் பல்கலைக்கழக வாசலைப் பார்த்திருப்பேன்! அங்க இப்படி ஒரு வேலை நடந்துச்சுன்னு மாண்ட்ரியல் நூலகத்துல உட்கார்ந்து படிச்சுத்தான் தெரிய வேண்டியிருந்தது. கட்டுரைகள்ல ரத்தம் கொடுத்தவங்க பேர் இருக்காது, இருக்கவும் கூடாது. வெறும் சதவீதமா, அட்டவணையா இருப்பாங்க. ஆனா வெத்துக் கட்டங்களை நிரப்ப ஆரம்பிச்சவங்க அவங்கதான்.

*

1980-களின் பிற்பகுதியில் ஆட்டம் மாறிடுச்சு. சீரம், சாயம் போய் டி.என்.ஏ வந்தது. பி.சி.ஆர் வச்சு ஜீனைப் பல மடங்கு பெருக்கி, எழுத்து எழுத்தா படிக்க முடிஞ்சது. அப்பதான் தெரிஞ்சது, நாம ஒண்ணுன்னு நினைச்ச அடையாளம் ஒண்ணே இல்லைன்னு.

பழைய 'மாக்', அதாவது ஏ2-வையே எடுத்துக்கோங்க. சீரத்துக்கு எல்லா ஏ2-வும் ஒண்ணுதான். டி.என்.ஏ-ல பார்த்தா ஐரோப்பியர்கள்கிட்ட பெரும்பாலும் ஏ*02:01 என்கிற வகை. இந்தியர்கள்கிட்ட ஏ*02:11, ஏ*02:06 மாதிரி வகைகளும் கணிசமா இருக்கு. பள்ளத்துல ஓரிரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஆனா டி செல்லுக்கு அதுவே போதும், சண்டைக்கு வந்துடும். இதுக்கு முன்னாடி 'நீங்களும் ஏ2, அவரும் ஏ2, பொருத்தம் பிரமாதம்'னு பேப்பர்ல எழுதியிருப்பாங்க. ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து, கல்யாணத்துக்கு அப்புறம்தான் சங்கதி தெரியும்கிற கதை.

ஒரு 'புது' வகை எப்படிச் சிக்குதுன்னு சொல்றேன், இது என் ஏரியா. ஒருத்தரோட ஜீனைப் படிச்சா எழுத்து வரிசை வரும். அதை, தெரிஞ்ச எல்லா வகைகளும் இருக்கிற பட்டியலோட மென்பொருள் ஒப்பிடும். நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது தடவை கச்சிதமா ஒண்ணோட பொருந்திடும்னு வைங்க. எப்பவாவது ஒரு தடவை எல்லாம் பொருந்தி ஒரே ஒரு எழுத்து மட்டும் இடிக்கும். முதல் சந்தேகம் எப்பவும் நம்ம மேலதான்: மெஷின் தப்பா படிச்சிருக்கு, பி.சி.ஆர் எழுத்தை மாத்தியிருக்கு, சாம்பிள் கலந்திருக்கு. அப்பா செட்டு, அம்மா செட்டு இரண்டும் ஒண்ணா கலந்து வர்றதால எந்த எழுத்து யாரோடதுன்னே குழப்பம் வரும். அதனால இரண்டையும் தனித்தனியா பிரிக்கணும். திரும்ப முதல்ல இருந்து பெருக்கிப் படிக்கணும். அப்பவும் அந்த எழுத்து அங்கேயே நின்னா, பொதுத் தரவுத்தளத்துல வரிசையைப் பதிஞ்சு, பெயர்க் குழுவுக்கு அனுப்பணும். அவங்க சரிபார்த்து ஒரு நம்பர் கொடுப்பாங்க.

நம்பர்னதும் ஒரு தமாஷ். முதல்ல வகைகளுக்கு நாலு இலக்கம் கொடுத்தாங்க. முதல் இரண்டு குடும்பம், அடுத்த இரண்டு ஆளு. ஒரு குடும்பத்துல 99 பேருக்கு மேல எங்க வரப் போறாங்கன்னு நினைப்பு. ஒய்2கே-ல கம்ப்யூட்டர் உலகம் மாட்டின மாதிரியே மாட்டினாங்க! ஏ*02-வும் பி*15-ம் 99-ஐத் தொட்டுடுச்சு. வேற வழியில்லாம ஏ*02-க்கு ஏ*92-ன்னும், பி*15-க்கு பி*95-ன்னும் ஓவர்ஃப்ளோ சீரிஸ் திறந்தாங்க. மதுரையில டிஎன் 59 தீராம டிஎன் 64 வந்தது ஞாபகம் வருதா? கடைசியில 2010 ஏப்ரல்ல நடுவுல முக்காற்புள்ளி வச்சுப் பிரிச்சு, எத்தனை இலக்கம் வேணும்னாலும் போகலாம்னு முறையையே மாத்திட்டாங்க.

வளர்ச்சியைப் பாருங்க. 1987-ல் வரிசை தெரிஞ்சு பேர் வச்ச வகைகள் இருபது சொச்சம். 1998 டிசம்பர்ல தரவுத்தளம் பொதுவுக்கு வந்தப்ப ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. இப்ப 40,000-ஐத் தாண்டியாச்சு. மாக் குடும்பத்துல மட்டும் ஆயிரத்துக்கு மேல.

இந்த 40,000-மும் நேத்து முளைச்சதா? இல்லைங்க. பெரும்பாலானது ஏதோ ஒரு குடும்பத்துல, ஏதோ ஒரு ஊர்ல, தலைமுறை தலைமுறையா சத்தமில்லாம ஓடிட்டு இருந்தது. பாட்டிக்கு இருந்தது, பேத்திக்கும் இருக்கு. பட்டியலுக்குத்தான் அது புதுசு. கொலம்பஸ் அமெரிக்காவைக் 'கண்டுபிடிச்ச' மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு புது நம்பரும், 'இவங்களை நாங்க இது வரைக்கும் பார்க்கவே இல்லை'ன்னு பட்டியல் ஒத்துக்கிற ஒரு வரி.

*

அந்தப் பட்டியல் எங்க பராமரிக்கப்படுதுங்கிறதுல ஒரு சோகம் இருக்கு. இங்கிலாந்துல ஆன்டனி நோலன்னு ஒரு பையன். 1971-ல் பிறந்தான். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தியில் கோளாறு. எலும்பு மஜ்ஜை மாத்தினா பிழைப்பான். வீட்டுல யாரோடதும் பொருந்தலை. வெளியில தேடலாம்னா தேடறதுக்கு ஒரு பட்டியலே அப்ப கிடையாது. அவங்க அம்மா ஷெர்லி நோலன் 1974-ல் அப்படி ஒரு பட்டியலை ஆரம்பிச்சாங்க. சொந்தம் இல்லாத யாரோ ஒருத்தருக்காக முன்வர்ற கொடையாளர்களின் பதிவேடு. 1979-ல் ஆன்டனி இறந்துட்டான். கடைசி வரைக்கும் அவனுக்குப் பொருத்தம் கிடைக்கலை. ஆனா பதிவேடு நின்னுது, வளர்ந்தது. அந்தப் பையன் பேர்ல இருக்கிற ஆராய்ச்சி நிறுவனம்தான் இன்னிக்கு உலகத்தோட எச்.எல்.ஏ பட்டியலைக் காக்குது. உலகத்துல எந்த மூலையில் புது வகை கிடைச்சாலும் அங்க போய்த்தான் பேர் வாங்கணும்.

அதுக்கப்புறம் நாட்டுக்கு நாடு பதிவேடுகள் வந்தன. இப்ப உலகம் முழுக்க நாலு கோடிக் கொடையாளர்களுக்கு மேல பதிஞ்சிருக்காங்க. நாலு கோடி! அப்ப எல்லாருக்கும் கிடைச்சுடும்தானே?

அமெரிக்கப் பதிவேட்டை வச்சு 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைக் கணக்குப் போட்டுது. ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கிற வாய்ப்பு 75 சதவீதம். தெற்காசியருக்கு, அதாவது நமக்கு, சுமாரா மூணுல ஒண்ணு. தென், மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு வெறும் 16. 1958-ல் யார் ரத்தத்தைப் பார்த்தாங்களோ அந்த வரிசை இன்னும் மாறலை, பார்த்தீங்களா.

ஒரு விஷயம் நேர்மையா சொல்லணும். புது வகையைக் கண்டுபிடிச்சுப் பேர் வச்சா மட்டும் ஒரு உயிரும் பிழைக்காது. பட்டியல்ல உள்ளதுல பெரும்பாலானது ரொம்ப அரிதானது. நோயாளியோட வகை என்னன்னு தெளிவாத் தெரியணும், அதே வகையோட ஒரு ஆளு பதிவேட்டுல இருக்கணும். இரண்டும் சேர்ந்தாத்தான் மருந்து. முதல் பாதியை மெஷினும் எங்களை மாதிரி ஆட்களும் பார்த்துக்கலாம். இரண்டாவது பாதிக்கு மனுஷங்கதான் வேணும்.

அதுவும் நம்ம மனுஷங்க வேணும். ஏன்னா நாம காலங்காலமா சாதிக்குள்ள, ஊருக்குள்ள, அத்தை மகன், மாமன் மகள்னு சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டவங்க. எச்.எல்.ஏ செட்டுகளும் அந்தந்த வட்டத்துக்குள்ளயே சுத்தி வருது. அது நல்லதா கெட்டதான்னு தனியா சண்டை போடலாம். ஆனா விளைவு இதுதான்: ஒரு மதுரைக்காரனுக்கோ யாழ்ப்பாணத்துக்காரருக்கோ பொருத்தம் கிடைக்கிற வாய்ப்பு ஜெர்மனிக்காரனைவிட, அதே மண்ணுல இருந்து வந்தவங்ககிட்ட அதிகம். சொந்தத்துல கட்டின குடும்பங்கள்ல கூடப் பிறந்தவங்களைத் தாண்டி ஒன்றுவிட்ட உறவுகள்லயும் சில சமயம் பொருத்தம் அமையறது இதனாலதான். இந்தியாவில் சென்னையிலேயே 2009-ல் 'தாத்ரி' பதிவேடு ஆரம்பிச்சாங்க. வேலை நடக்குது. ஆனா நூத்தி நாப்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டுக்கு அது இன்னும் எவ்வளவோ வளரணும்.

*

இங்க மாண்ட்ரியலுக்கு வருவோம். கனடாவில் முன்னாடி ரத்தம், மஜ்ஜைப் பதிவேடு எல்லாத்தையும் செஞ்சிலுவைச் சங்கம் பார்த்துக்கிச்சு. 1980-கள்ல கெட்டுப் போன ரத்தம் ஏத்தி ஆயிரக்கணக்கானோருக்கு எய்ட்ஸ் கிருமியும் ஹெபடைடிஸ் சி-யும் தொத்தின விவகாரம் வெடிச்சு, நீதிபதி க்ரீவர் விசாரணைக் கமிஷன் 1997-ல் அறிக்கை கொடுத்தது. 1998-ல் பொறுப்பு கை மாறிச்சு. மத்த மாகாணங்களுக்குக் கனேடிய ரத்தச் சேவை, கியூபெக்குக்கு மட்டும் தனியா எமா-கியூபெக். அதனால நீங்க டொரண்டோவில் இருந்தா ஒரு இடம், மாண்ட்ரியல்ல இருந்தா வேற இடம். இரண்டு பதிவேடும் உலக வலையில இணைஞ்சதுதான்.

கியூபெக்ல 18-ல இருந்து 35 வயசுக்குள்ள இருந்தா பதியலாம். கன்னத்து உள்பக்கம் பஞ்சுக் குச்சியால தடவிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் ஆரம்ப வேலை. நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல அதோட சரி, கூப்பிடவே மாட்டாங்க. கூப்பிட்டாலும் இப்பல்லாம் பெரும்பாலும் கையில ஊசி போட்டு மெஷின் வழியா ரத்தத்தைச் சுத்தவிட்டு ஸ்டெம் செல்லை மட்டும் பிரிச்சு எடுக்கிறாங்க. அதுக்கு முன்னாடி நாலைஞ்சு நாள் ஒரு மருந்து ஊசி. உடம்பு வலிக்கும், ஃப்ளூ வந்த மாதிரி இருக்கும். சில பேருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை எடுப்பாங்க. முதுகுத்தண்டுல கை வைக்கவே மாட்டாங்க. எடுத்தது சில வாரத்துல திரும்ப ஊறிடும்.

பார்க் எக்ஸ்டென்ஷன்ல தமிழ்க் கடைங்க இருக்கிற தெருவுல இதைப் பத்திப் பேசிப் பாருங்க. நான் பேசிப் பார்த்தேன். கடையில காய் எடுத்துட்டு இருந்த ஈழத்து அம்மா ஒருத்தர், "தம்பி, ரத்தம் குடுக்கிறது பிரச்சினை இல்லை. எங்கட பேரை எழுதி எங்க கொண்டு போய் வைப்பினம்?" என்று கேட்டார். கேலியா கேட்கலை. பட்டியல்ல பேர் இருந்ததாலயே வீட்டுக் கதவு தட்டப்பட்ட காலத்தைப் பார்த்த ஜனம். அந்தப் பயத்தைச் சிரிச்சுட்டுத் தள்ளிட முடியாது. பதிவேட்டுல உங்க பேரை நோயாளிக்கும் காட்ட மாட்டாங்க, தேடற ஆஸ்பத்திரிக்கும் ஒரு எண்தான் போகும், வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு சொன்னேன். "அப்பிடியெண்டா என்ர மகனிட்டச் சொல்லிப் பாக்கிறன்"னு சொல்லிட்டு முருங்கைக்காயை எடைக்கு வச்சார். அவருக்கு வயசு வரம்பு தாண்டிடுச்சு. மகனுக்குத் தாண்டலை.

எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப எதிர்பார்த்த பதில்தான்: "உனக்கு எதுக்குடா இந்த வேலை? படிக்கப் போனியா, ஊசி குத்திக்கப் போனியா?" பஞ்சுக் குச்சிதாம்மான்னு விளக்கினதும், "யாருக்குப் போகும்?"னு கேட்டாங்க. தெரியாதும்மா, யாருன்னே தெரியாத ஒருத்தருக்குன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, பேர் தெரியாதவங்களுக்குச் செஞ்சாத்தான் புண்ணியம்"னு வச்சுட்டாங்க.

நான் போன மாசம் பதிஞ்சுட்டேன். உங்களுக்கு 35 ஆகறதுக்குள்ள நீங்களும் யோசிங்க. சந்தேகம் இருந்தா பின்னூட்டத்துல கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.